புண்ணாற்றும் தேன்

உடலில் ஒரு கீறல் பட்டால் குருதி கசிகிறது, பிறகு உறைகிறது, பொருக்குத் தட்டுகிறது. சில நாளில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிகிறது. இதற்கு நாம் செய்வது ஒன்றுமில்லை. உடலே தன்னைப் பழுது பார்த்துக் கொள்கிறது. ஆனால் எல்லாப் புண்ணும் இவ்வாறு ஆறிவிடுவதில்லை. சில புண்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் வாய் மூடாமல் கிடக்கின்றன. இவற்றை ஆறாப் புண் என்றும், உள்ளே குடைந்து சென்றிருப்பின் புரையோடிய புண் என்றும் நம் மக்கள் வழங்குவர்.

மலாயாவில் குடியேறிய நம் முன்னோர்க்கு இத்தகைய புண்கள் நன்கு அறிமுகமானவை. ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் கணுக்காலில் ஒரு முட்கீறலோ அட்டைக்கடியோ பட்டால் போதும். அதில் கிருமி பற்றும், குழி விழும், நாற்றமெடுக்கும், நாளடைவில் எலும்பு வரை தின்றுவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் இருந்த டிரசர்மாருக்கு இப்புண்களைக் கழுவிக் கட்டுவது அன்றாட வேலை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில் பாதை போடுவதற்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் இப்புண்ணால் பட்டபாடு சொல்லுந் தரத்ததன்று. மருந்து கிடையாது, கரண்டியின் விளிம்பால் அழுகலைச் சுரண்டியெடுத்தார்கள். அதற்கும் அடங்காவிடில் காலையே அறுத்தெடுத்தார்கள்.

அந்தப் புண் இன்று அருகிவிட்டது. அது விட்ட இடத்தை இனிப்புநீர்ப் புண் பிடித்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் மலேசிய அரசு எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது தெரிந்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அது 15.6 விழுக்காடு. அப்படிப் பார்த்தாலும் ஆறு பேருக்கு ஒருவர்! இந்நாட்டு இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பது வாசகர் அறிந்ததே. இனிப்புநீர் உள்ளவர் வீட்டில் காலிற் புண் என்றால் அவ்வீட்டாரின் நெஞ்சில் எழும் முதல் அச்சம், கால் போய்விடுமோ என்பதுதான்.

இத்தகைய வீட்டில்தான் யாராவது ஒருவர், “தேன் வைத்துக் கட்டுங்கள், ஆறிவிடும்” என்பார். உடனே வேறொருவர், “அதெல்லாம் பாட்டி வைத்தியம்” என்று கைவீசுவார். இனிப்பு நோயாளியின் புண்ணிலே இனிப்பையே வைப்பதா என்று மூன்றாமவர் திகைப்பார். இம்மூவருள் யார் சொல்வது சரி? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக முயன்றிருக்கிறார்கள். விடையும் ஓரளவு கிடைத்திருக்கிறது. ஆனால் அது முதலாமவர்க்கோ இரண்டாமவர்க்கோ முழு வெற்றி தருவதாக இல்லை.

பழையோர் கண்ட பயன்

புண்ணுக்குத் தேன் இடும் வழக்கம் பழங்காலத்திலேயே எகிப்தில் எழுத்தில் ஏறிவிட்டது. எட்வின் சுமித் என்பார் 1862இல் லக்சர் நகரில் வாங்கிய பழஞ்சுவடி ஒன்று, அவர் பெயராலேயே இன்று வழங்கப்படுகிறது. கி.மு. 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட அச்சுவடி, அதனினும் பழைய நூல் ஒன்றன் படி என்பர். அதில் 48 காயங்களுக்கு மருத்துவம் கூறப்பட்டுள்ளது. முதல் நாள் புத்திறைச்சி வைத்துக் கட்டு. அதன்பின் நாள்தோறும் கொழுப்பும் தேனும் பஞ்சும் வைத்துக் கட்டு என்பது அதிற் பலமுறை திரும்பத் திரும்ப வரும் முறை. கிரேக்க மருத்துவர் தியோசுகோரிடீசு, கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில், அழுகிக் குழிந்த புண்ணுக்குத் தேன் நல்லது என்றும், தேன்களுள் அத்திக்க நாட்டுத் தேனே தலையாயது என்றும் எழுதி வைத்தார். ‘எந்தத் தேன்?’ என்ற வினா அன்றே எழுந்துவிட்டது என்பதைக் குறித்துக் கொள்க. அது பின்னால் நமக்குப் பயன்படும்.

இந்தியாவில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் தேனை எட்டு வகையாகப் பிரிக்கிறது. புண்ணைத் தூய்மை செய்வது ஒன்று, புண்ணை ஆற்றுவது ஒன்று என இரண்டு தொழிலைத் தேனுக்கு அது கூறுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்த நுட்பம் வியக்கத்தக்கது. ஏனெனில், அழுக்கு நீங்காத புண் ஆறாது என்பதும், அழுக்கு நீங்கியதனால் மட்டுமே புண் ஆறிவிடாது என்பதும் இன்றைய மருத்துவத்தின் அடிப்படைப் பாடங்கள்.

நம் சங்க நூல்கள் என்ன சொல்கின்றன என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். புறநானூற்று 281ஆம் பாட்டு, புண்பட்ட வீரனைக் காக்கும் இல்லத்தைக் காட்டுகிறது. அங்கே வேம்பு செருகப்படுகிறது, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது, காஞ்சிப்பண் பாடப்படுகிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு, மார்புப் புண்ணைத் தைத்த ஊசியை, மீனைக் குறிவைத்து நீரில் மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவையோடு ஒப்பிடுகிறது. புண்ணைத் தைக்கும் கலையைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் அழகிய சான்று வேண்டா. ஆனால் இவ்விரு பாட்டிலும் தேன் இல்லை. குறிஞ்சித் திணையில் தேனுக்குப் பஞ்சமில்லை என்பதற்காக, சங்க காலத்தவர் புண்ணுக்கும் தேனிட்டனர் என்று நாமாகக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. பின்வந்த சித்த மருத்துவத்திலோ, தேன் பெரும்பாலும் மருந்தைக் குழைத்து உட்கொள்ளும் அனுபானமாகவே நமக்குப் பழக்கமாயிற்று.

கிருமி ஏன் மாள்கிறது?

தேனுக்குக் கிருமியை ஒடுக்கும் ஆற்றல் உண்டென்று முதன்முதலில் ஆய்வுக்கூடத்திற் கண்டவர் வான் கெட்டல் என்னும் டச்சுக்காரர், ஆண்டு 1892. அந்த ஆற்றல் எதனால் வருகிறது என்பது மட்டும் நெடுநாள் புதிராகவே இருந்தது.

முதற்காரணம் எளியது. சர்க்கரைப் பாகில் இட்ட பழம் கெடுவதில்லை. உப்பில் இட்ட நார்த்தங்காய் அழுகுவதில்லை. தேனும் அப்படிப்பட்ட கெட்டிப் பாகுதான். நூறு பங்கு தேனில் பழச்சர்க்கரை 38 பங்கு, குளுக்கோஸ் 31 பங்கு, வேறு சில சர்க்கரைகள் கொஞ்சம். தண்ணீர் 17 முதல் 20 பங்குதான். இவ்வளவு சர்க்கரை அந்தச் சிறிது நீரையும் இறுகப் பிடித்து வைத்துக் கொள்வதால், கிருமிக்குக் குடிக்க நீரில்லை. அதுமட்டுமா? அருகில் உள்ள கிருமியின் உடல்நீரையும் அது உறிஞ்சி விடுகிறது.

புண்ணில் இட்ட தேன் இன்னொன்றும் செய்கிறது. புண்ணின் அடியிலிருந்து நிணநீரை மேலே இழுக்கிறது. உள்ளிருந்து ஊறிவரும் அந்நீர், ஒட்டிக் கிடக்கும் அழுகலை நெகிழ்த்திக் கழுவுகிறது. கட்டுத்துணி புண்ணோடு ஒட்டுவதில்லை. அவிழ்க்கும்போது புதுத்தோல் பிய்ந்து வருவதுமில்லை. புண்ணைக் காற்றாட விடு, காய்ந்தால் ஆறும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கிலேயர் பன்றிகளிடம் செய்த சோதனை, இதற்கு நேர்மாறான உண்மையைக் காட்டிற்று. காற்றில் காய விட்ட புண்ணைவிட ஈரம் காத்து மூடி வைத்த புண்ணில் புதுத்தோல் இருமடங்கு விரைவாகப் படர்ந்தது! தேன் இட்ட புண் இயல்பாகவே ஈரமாக இருக்கும். விண்டர் கண்ட உண்மையின் பயனை, காரணம் தெரியாமலே, எகிப்தியர் பெற்றிருக்கின்றனர்.

இரண்டாவது, தேனின் புளிப்பு. நாக்குக்கு இனிக்கும் தேன் உண்மையில் ஓர் அமிலப்பொருள். இனிப்பின் மிகுதியால் புளிப்பு நமக்குத் தெரிவதில்லை. அமில அளவுகோலில் அதன் இடம் 3.2 முதல் 4.5 வரை. கிருமிகள் பலவும் இதில் தழைக்கமாட்டா. ஆறாப் புண்ணில் புதுச்சதையையும் தின்றுவிடும் செரிமானப் பொருள்கள் மிகுந்திருக்கும். புளிப்பு அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. குருதி தன்னிடமுள்ள உயிர்வளியைத் திசுக்களுக்கு எளிதாக விட்டுக் கொடுக்கவும் அது துணை செய்கிறது.

ஆயினும் தேனின் ஆற்றல் இவ்விரண்டோடு நிற்கவில்லை. நீர் கலந்து பாகுத்தன்மை போன பின்னும் சில தேன்கள் கிருமியை ஒடுக்கின. 1937இல் செருமானிய அறிஞர் டோல்டும் அவர் தோழர்களும், தேனில் ஏதோ ஒரு தனிப்பொருள் இருக்கிறதென்று துணிந்து, அதற்கு ‘இன்ஹிபின்’ என்று பெயரிட்டனர். பெயர் வைத்தாயிற்று, பொருள் பிடிபடவில்லை. இருபத்தாறு ஆண்டு கழித்து, 1963இல், அமெரிக்க அறிஞர் ஒயிட்டும் அவர் குழுவினரும் அதைப் பிடித்தனர். அது வேறொன்றுமன்று, மருந்துக்கடைகளில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான்.

இது தேனில் எப்படி வந்தது? தேனீயின் தலையில் ஒரு சுரப்பி உண்டு. பூவிலிருந்து கொணர்ந்த மதுவில் அச்சுரப்பியின் நீரைக் கலந்தே தேனீ அதைத் தேனாக்குகிறது. அந்நீரில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது குளுக்கோஸை உயிர்வளியோடு சேர்த்து, குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். தேனின் புளிப்புக்கு முதன்மையான காரணமும் இந்த அமிலமே. இங்கே ஒரு வியப்பு உண்டு. கெட்டித் தேனில் இந்நொதி உறங்குகிறது. நீர் பட்டதும் விழிக்கிறது. புண்ணில் இட்ட தேனில் நிணநீர் ஊறுந்தோறும் பெராக்சைடு சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். புட்டியிலுள்ள 3 விழுக்காட்டுக் கரைசலைப் புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். கிருமியோடு புதுச்சதையும் புண்படும். சற்று நேரத்தில் வேகமும் அடங்கிவிடும். தேனில் சுரப்பதோ அதனினும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவு குறைவு, ஆனால் ஓயாமல் சுரக்கிறது. சதையைக் கெடுக்காமல் கிருமியைக் கெடுக்கும் நயம் இதிலிருந்து வருகிறது.

இந்நொதி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஆற்றாது. காய்ச்சிய தேனும், கடைச்சாளரத்தில் வெயில் காய்ந்த தேனும் இனிப்பில் குறைவதில்லை; மருந்தாகக் கொள்ளும்போது மட்டும் அவற்றில் பாதி உயிர் போயிருக்கும்.

நாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆறாப் புண் உடையவர் படும் துன்பங்களில் வலியைவிடக் கொடியது நாற்றம். பேரப்பிள்ளைகள் கூட அருகில் வரத் தயங்குவார்கள். புண்ணிலுள்ள கிருமிகள் புரதத்தைத் தின்று, அம்மோனியாவும் கந்தகம் கலந்த வளிகளும் விடுவதே அந்நாற்றம். தேன் இட்டால் அக்கிருமிகள் எளிதிற் கிடைத்த சர்க்கரையைத் தின்னத் தொடங்கி விடுகின்றன. அப்பொழுது உண்டாவது நாற்றமில்லாத லாக்டிக் அமிலம். தேன் கட்டிய புண்ணில் முதலில் நாற்றமே குறையும் என்று செவிலியர் சொல்வதன் காரணம் இதுதான்.

மனுக்காவும் துவாலாங்கும்

1940களில் பெனிசிலின் வந்தது. பின்னர் அதன் உடன்பிறப்புகள் பல வந்தன. தேன் மருத்துவமனையை விட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி அதை அழைத்து வந்தது கிருமிகளின் பிடிவாதந்தான். மருந்துக்குப் பழகி எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருகிய பின்னரே அறிஞர்கள் பழைய பொருள்களைத் திரும்பிப் பார்த்தனர்.

நியூசிலாந்தில் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் மோலன், 1980களில் அந்நாட்டு மனுக்காச் செடியின் தேனை ஆராய்ந்தார். பெராக்சைடை முற்றும் அழித்த பின்னும் அத்தேன் கிருமியைக் கொன்றது. இதன் காரணம் 2008ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. செருமனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹென்லே குழுவினரும், வைகாட்டோவிலேயே வேறொரு குழுவினரும், அது மெத்தில்கிளையாக்சால் என்னும் பொருள் என்று கண்டனர். மற்றத் தேன்களைவிட நூறு மடங்கு வரையும் அது மனுக்காத் தேனில் இருக்கிறது. மனுக்காப் பூவின் மதுவிலுள்ள வேறொரு பொருள், தேன் முதிர முதிர இதுவாக மாறுகிறது என்பது அதற்கு அடுத்த ஆண்டு தெரிந்தது. 2010இல் ஆம்ஸ்டர்டாம் அறிஞர்கள், தேனீ தன் நோயைத் தானே தடுத்துக் கொள்ளச் சுரக்கும் டிபென்சின் என்னும் சிறு புரதமும் தேனில் வேலை செய்கிறதென்று காட்டினர். இப்படிப் பலமுனைத் தாக்குதல் நிகழ்வதால், கிருமிகள் தேனை எதிர்க்கப் பழகுவது அரிதாக இருக்கிறது. ஒற்றை மருந்தை ஏமாற்றலாம். ஒரு படையை ஏமாற்றுவது எளிதன்று.

நம் நாட்டுத் தேன்களும் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றுள்ளன. காட்டில் மற்ற மரங்களின் தலைக்கு மேலே ஓங்கி நிற்கும் துவாலாங்கு மரத்தின் கிளைகளில், பெருந்தேனீக்கள் அடையடையாகக் கூடு கட்டும். ஒரே மரத்தில் நூறு அடை வரை தொங்குவதும் உண்டு. கெடாவின் பெடு ஏரிப் பக்கத்தில் நிலவில்லா இரவில்தான் தேன் எடுப்பார்கள். எரியும் பந்தத்தைக் கிளையில் தட்டினால் தீப்பொறிகள் மழைபோல் விழும். தேனீக்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு கீழே போய்விடும். கூடறுக்க இரும்புக் கத்தி கூடாது, மாட்டெலும்பே கத்தி. ஏனென்றால், ஈத்தாம் மானிஸ் என்னும் இந்துப் பணிப்பெண் ஒருத்தி அரச குமாரனைக் காதலித்து, துரத்தப்பட்டு, இரும்பு ஈட்டி பாய்ந்து இறந்து, தேனீயாக மாறினாளாம்! அக்கதை மலாய் மக்களிடையே வழங்குகிறது. கதையை விட்டுச் செய்திக்கு வருவோம். கிளந்தானில் குபாங் கெரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தார், இத்தேனை மனுக்காவோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், புண்ணிற் பற்றும் கிருமிகள் பலவற்றின்மேல் இதன் ஆற்றல் மனுக்காவுக்கு ஏறத்தாழ ஈடாக இருப்பதைக் காட்டினர். ஆனால் இது கண்ணாடித் தட்டில் நடந்த சோதனை. மனிதர் காலில் நடந்ததன்று. இரண்டுக்கும் இடையில் நெடுந்தொலைவு உண்டு.

மற்றொன்று, இன்று எங்கும் விற்கப்படும் கெலுலுட் தேன். தமிழ்நாட்டில் கொசுத்தேன் என்பார்களே, அவ்வினத்தைச் சேர்ந்தது. கொடுக்கில்லாத சிறு தேனீ சேர்ப்பது. புளிப்பு மிகுதி, நீரும் மிகுதி. நீர் மிக்கதாகையால் எளிதிற் புளித்துப் பொங்கும். பெருந்தேனீத் தேனைப்பற்றிச் சொன்னவற்றை எல்லாம் இதற்கும் ஏற்றிச் சொல்லிவிட முடியாது.

தேனீ தரும் மற்றப் பொருள்களை விரைந்து பார்த்து விடலாம். மெழுகு களிம்புக்கு உடலாக நிற்பது; தானாகப் புண்ணை ஆற்றுவதில்லை. மரமொட்டுகளிலிருந்து தேனீ திரட்டிவந்து கூட்டின் விரிசலை அடைக்கும் பிசின், ஆய்வுக்கூடத்தில் கிருமியை நன்றாகவே ஒடுக்குகிறது. ஆயின் பலருக்கு அது தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். ஆறாப் புண்ணுக்குத் துணிந்து கொடுக்கத்தக்க சான்று அதற்கு இன்னும் சேரவில்லை என்பதே என் கருத்து.

மருத்துவமனையில் கண்டது

நைசீரியாவின் கலபார் நகரத்து அறுவை மருத்துவர் எபெம், 1988இல் 59 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் வேறு மருத்துவம் பார்த்தும் ஆறாதவர்கள். காய்ச்சாத தேனை இட்டபோது 58 பேர்க்குப் புண் தெளிவாகத் தேறிற்று. கிருமி பற்றியிருந்த புண்கள் ஒரு வாரத்தில் கிருமி நீங்கின. தேறாத ஒரே ஒருவருக்கு இருந்தது புரூலி என்னும் வேறு நோயென்று பிறகு தெரிந்தது.

இதைப் படித்தவுடன் தேன் புட்டியைத் தேடி எழுந்துவிட வேண்டா. எபெம் செய்தது ஒப்பீடு அன்று. தேன் இடாமல், ஆனால் அதே கவனத்தோடு நாள்தோறும் கழுவிக் கட்டியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பர் என்பது அதில் இல்லை. அதற்குத்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் தேன் இட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும்.

அப்படி ஒரு பெரிய சோதனை மனுக்காவின் சொந்த நாடாகிய நியூசிலாந்திலேயே நடந்து, 2008இல் வெளியாயிற்று. சிரைக் கோளாற்றால் வந்த காற்புண் உடைய 368 பேர் அதிற் பங்கு கொண்டனர். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய குருதி சிரைகளில் தேங்கி, கணுக்கால் வீங்கி, தோல் வெடித்து வரும் புண் அது. எல்லோருக்கும் காலை இறுக்கும் பட்டைக்கட்டுப் போடப்பட்டது. அதனடியில் 187 பேர்க்குத் தேன் ஊறிய துணி. ஏனைய 181 பேர்க்கு வழக்கமான துணி. பன்னிரண்டு வாரத்தில் தேன் கூட்டத்தில் 55.6 விழுக்காட்டினர்க்குப் புண் ஆறிற்று. மற்றக் கூட்டத்தில் 49.7 விழுக்காட்டினர்க்கு ஆறிற்று. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நிகழக் கூடியதே என்று கணக்கு சொல்லிற்று. வலி முதலிய தொல்லைகளோ தேன் கூட்டத்திலேயே மிகுதி. இங்கே புண்ணை ஆற்றியது பட்டைக்கட்டு. தேன் அதற்கு மேல் குறிப்பிடத்தக்க பங்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

2015இல் காக்ரேன் என்னும் உலக ஆய்வுக் கூட்டமைப்பினர், அதுவரை வந்த 26 சோதனைகளை, 3,011 நோயாளிகளின் கணக்கை, ஒருசேர ஆய்ந்தனர். தோலின் பாதி ஆழம் வரை வெந்த தீப்புண், வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நான்கைந்து நாள் முந்தி ஆறுகிறது. அறுவைக்குப்பின் சீழ் பிடித்த புண்ணும், கிருமிக்கொல்லி நீரால் கழுவித் துணி வைப்பதைவிடத் தேனால் விரைந்து ஆறுகிறது. சிரைப்புண்ணுக்கும் இனிப்புநீர்க் காற்புண்ணுக்கும் அப்படி உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. இதுவே அவர்கள் கண்ட முடிபு. நம்மைச் சுடும் புண் எதுவோ, அங்கேதான் சான்று மெலிந்து கிடக்கிறது!

மலேசிய மருத்துவர்களும் இனிப்புநீர்ப் புண்ணில் இதைச் சோதித்துள்ளனர். 2008இல் வெளியான அச்சிறு ஆய்வில் நோயாளிகள் 30 பேர். அயோடின் கலந்த மருந்துநீரால் கட்டியவர்க்குச் சராசரி 15.4 நாளில் புண் தேறிற்று. தேன் இட்டவர்க்கு 14.4 நாள். ஏறத்தாழ ஒன்றேதான். தேன் கெடுதல் செய்யவில்லை. அயோடினுக்கு ஈடாக நின்றது. அவ்வளவே அதிலிருந்து கொள்ளத்தக்கது.

இனிப்புநீர்க் காலின் கதை

தீப்புண்ணில் வெல்லும் தேன் இங்கே ஏன் தயங்குகிறது? தீப்புண் வந்தவரின் காலில் குருதி ஓட்டம் செவ்வையாக இருக்கிறது, உணர்வு இருக்கிறது. கிருமியைத் தடுத்து ஈரத்தைக் காத்தால் போதும். மற்றதை உடல் பார்த்துக் கொள்ளும். இனிப்புநீர் பல்லாண்டு நீடித்தவரின் பாதமோ மரத்துப் போயிருக்கும். செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் தெரியாது. புண் வந்த பின்னும் வலிக்காததனால் அதன்மேலேயே நடப்பார். ஒவ்வோர் அடியும் புதுச்சதையை நசுக்கும். காலுக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளும் அடைத்துக் குறுகியிருக்கும். குருதி வராத இடத்தில் சதை எப்படி வளரும்? குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தால் கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்களும் சோர்ந்து விடும். ஆகவே, அப்புண்ணுக்கு முதல் மருந்து நான்கு: பாதத்தின்மேல் சுமை ஏறாமல் காப்பது, நாடி அடைப்பை நீக்குவது, சர்க்கரையை அடக்குவது, செத்த சதையை அறுத்து நீக்குவது. இந்நான்கில் ஒன்றையும் தேன் செய்யாது, கடைசியில் சொன்னதில் சிறுபகுதி தவிர. அந்நான்கும் நடக்கும் இடத்தில் தேன் நல்ல துணை. அவை நடவாத இடத்தில் தேன் கட்டுவது, ஓட்டைப் பானையை வெளியே துலக்குவது போன்றது.

வீட்டில் தேன் கட்டிக்கொண்டு காத்திருக்கும் வாரங்களில்தான் கால் இழக்கப்படுகிறது. தேன் நாற்றத்தைக் குறைத்துவிடும் என்றேனல்லவா? நாற்றம் போயிற்றே, புண் தேறுகிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, அடியில் எலும்பில் சீழ் பிடித்திருக்கக் கூடும். விரல் கறுத்தாலும், புண்ணைச் சுற்றிச் சிவந்து வெதுவெதுப்பானாலும், காய்ச்சல் கண்டாலும், புண்ணுக்குள் எலும்பு தட்டுப்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாமவரின் ஐயத்துக்கும் விடை கூறிவிடலாம். புண்ணில் இட்ட தேனால் இரத்தச் சர்க்கரை பொருட்படுத்தத்தக்க அளவு ஏறுவதாகப் பொதுவாகக் காணப்படவில்லை. பெரிய புண்ணில் மிகுதியாக இடும்போது மட்டும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கட்டும் முறை

மருத்துவமனையில் இடும் தேன் கடையில் வாங்கும் தேன் அன்று. தேனில் சிலவேளை கொடிய நஞ்சை விளைக்கும் கிருமி ஒன்றின் விதைத்துகள்கள் உறங்கிக் கிடக்கும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஊட்டக் கூடாதென்பதும் அதனால்தான். சூடு காட்டினால் நொதி சாகும். சூடு காட்டாவிட்டால் விதை சாகாது. இச்சிக்கலைக் காமாக் கதிர் தீர்த்து வைத்தது. கதிரூட்டிய தேனில் விதைகள் அழிகின்றன, ஆற்றல் குறைவதில்லை. அவ்வாறு தூய்மை செய்த தேனைக் குழாயிலும் துணியிலும் அடைத்து விற்கிறார்கள். அமெரிக்க அரசு 2007இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. சாலையோரத்தில் புட்டியில் விற்கும் தேனில் எவ்வளவு பாகு, எவ்வளவு தேன் என்று யாருக்குத் தெரியும்? நீரில் விட்டால் கரையாமல் இறங்கும், தீக்குச்சி நனைத்தால் எரியும், எறும்பு மொய்க்காது என்பன போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பிப் பயனில்லை. கெட்டிப் பாகும் அவற்றுள் பலவற்றில் தேறிவிடும்.

தேனைப் புண்ணில் ஊற்றுவதைவிடத் துணியில் தடவி வைப்பதே முறை. பத்துச் செண்டிமீட்டர்ச் சதுரத் துணிக்கு 20 மில்லிலிட்டர் தேன் என்பது மோலன் வகுத்த அளவு. குழிந்த புண்ணாயின் குழியை நிரப்பி மேலே துணி வைக்க வேண்டும். நீர் மிகுதியாக ஊறும் புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து செய்த உறிஞ்சுதுணி ஏற்றது. தொடக்கத்தில் நாள்தோறும் மாற்ற வேண்டும். ஊறும் நீரில் தேன் கரைந்து நீர்த்துப் போய்விட்டால் பிறகு அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நீர் குறையக் குறைய இரண்டு நாள், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும் போதும். இட்டவுடன் சிலருக்குச் சுருக்கென்று எரியும். அது புளிப்பின் வேலை. எரிச்சல் நில்லாமல் நீண்டால் தேனை எடுத்துவிட வேண்டியதுதான். தேனீக் கொட்டினால் உடல் தடித்து மூச்சுத் திணறுபவர்க்கு முதலிலேயே இட வேண்டா.

இட்டபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு ஓர் அளவுகோல் போதும். புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் வாரந்தோறும் அளந்து தேதியோடு எழுதி வைக்க வேண்டும். நான்கு வாரத்தில் அதன் பரப்புப் பாதியாகக் குறைந்தால், இனிப்புநீர்ப் புண்ணும் ஆறும் வழியில் இருக்கிறது எனலாம். குறையாவிட்டால், மருத்துவர் நாடியையும் எலும்பையும் மறுபடி பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், கட்டுமருந்தை மாற்றுவார். அப்பொழுது தேன் தொடர்வதா நிற்பதா என்பதை அந்தத் தாளிலுள்ள எண்களைக் கொண்டே அவர் முடிவு செய்வார்.